சுழி உட்காரும் இடம்

“மேடம், அழுக்கே இல்லாத ஒரு படிகம் வேணும்” என்றார் ஆவுடையப்பன்.

“எதுக்கு சார்?”

“இங்க இருக்கிற ஒவ்வொண்ணுலயும் ஒரு குறை. ஒண்ணு வெடிச்சிருக்கு. இன்னொண்ணுல என்னமோ கலந்திருக்கு. எனக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே மாதிரி இருக்கணும்.”

“இருந்தா?”

“இருந்தா நிம்மதி.”

ரோஸ்லின் மேசை இழுப்பறையைத் திறந்து, உலை அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தெட்டு. கல்லூரியில் நெடுங்காலம் இயற்பியல் நடத்திவிட்டு, முனைவர் பட்டத்துக்காக விடுப்பில் வந்தவர். பெரிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ரோஸ்லினுக்கு வாய் வரவில்லை. சார் என்றார். அவர் மேடம் என்றார்.

“ரெண்டு பேரும் இப்படியே மரியாதை குடுத்துக்கிட்டு இருந்தா, கடைசியில யாருக்கு யார் பட்டம் குடுக்கப் போறீங்க?” என்று கேட்பாள் ஷாகிரா. அங்கே ஆய்வு செய்யும் இன்னொருத்தி. அவள் வாய்க்குப் பயந்தே நைட்ரஜன் ஆவியாகிறது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு.

அவர்கள் கையில் இருந்தது ஒரு கறுப்புப் பொருள். பிஸ்மத்தும் செம்பும் இன்னும் சிலவும் சேர்ந்து வெந்தது. பார்த்தால் ஸ்லேட்டுச் சில்லு.

திரவ நைட்ரஜனில் முக்கினால் அதன் குணம் மாறிவிடும். மின்சாரம் தடையில்லாமல் ஓடும். துளி சூடு பிறக்காது. மீக்கடத்தி என்பார்கள்.

பக்கத்தில் காந்தம் வந்தால்தான் தொல்லை. காந்தம் மெல்லிய இழை இழையாக உள்ளே இறங்கும். ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மின்னோட்டம் சுழலும். அதற்குச் சுழி என்று பேர்.

சுழி ஓரிடத்தில் நின்றுவிட்டால் ஒரு கெடுதலும் இல்லை. அது நகர்ந்தால் சூடு.

அவ்வளவுதான் விஷயம். அதற்குத்தான் உலகத்தில் இத்தனை ஆய்வுக்கூடங்கள்.

இரண்டு வருடம் முன்பு ஆவுடையப்பனின் மகள் கோமதி காய்ச்சலில் போய்விட்டாள். ஒன்பது வயது.

அதன் பிறகு வீட்டில் அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. கட்டிலைக் கொடுத்தார். சைக்கிளைக் கொடுத்தார். பள்ளிக்கூடப் பையை, பேர் தெரியாத ஒரு பிள்ளைக்குக் கொடுத்தார். அவள் அறையில் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். இது அவள் இடம் என்று வீட்டில் ஒரு மூலைகூட இருக்கக் கூடாது. எல்லாம் ஒன்றுபோல ஆகிவிட வேண்டும்.

ஆகிவிட்டது. ஆனாலும் அவரால் உட்கார முடியவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் மோட்டார் சுவிட்சைப் பார்ப்பார். பேருந்தில் காலி இருக்கை இருந்தும் படிக்குப் பக்கத்தில் நிற்பார்.

“சார் பஸ் ஸ்டாண்டுலயா பிறந்தீங்க?” என்று ஷாகிரா ஒருமுறை கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு தடவை அறையைச் சுற்றி வந்தார்.

*

படிகம் வந்துவிட்டது.

உலையில் உருக்கி, நத்தைபோல ஆறவிட்டு எடுத்தது. செல்லோடேப் ஒட்டி உரித்தால் கண்ணாடிபோலத் தளம். ஒரு கீறல் இல்லை. ஒரு புள்ளி இல்லை.

ஆவுடையப்பன் அதை எல்லோருக்கும் காட்டினார். செக்யூரிட்டிக்கும் காட்டினார்.

நைட்ரஜனில் முக்கினார். காந்தத்தை வைத்தார். சின்ன ஒரு மின்னோட்டம் விட்டார். மின்னழுத்தம் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

இன்னும் சின்ன ஓட்டம். அப்போதும் இல்லை.

“என்ன சார்?” என்றார் ரோஸ்லின்.

“சுழியெல்லாம் ஓடுது மேடம்.”

“ஏன்?”

“பிடிச்சு நிறுத்த ஒண்ணும் இல்லை. குறை இருந்தாத்தானே மாட்டும்? இது வழுவழுன்னு இருக்கு. அதான் வழுக்கிக்கிட்டுப் போகுது.”

“இது முதல்லயே தெரியுமா?”

“தெரியுமே. நானே பாடம் நடத்தியிருக்கேன்.”

“தெரிஞ்சுமா செஞ்சீங்க?”

அவர் படிகத்தை இடுக்கியால் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னும் ஒரு தடவை உலையில வெச்சா இன்னும் சுத்தமாகும்.”

“இன்னும் சுத்தமானா இன்னும் வழுக்கும் சார்.”

“தெரியும் மேடம்.”

“அப்புறம்?”

“ஆனாலும் வைக்கணும்போல இருக்கு.”

ரோஸ்லின் கையை நீட்டினார். அவர் சாவியைக் கொடுத்தார்.

“உலை வேண்டாம்” என்றார் ரோஸ்லின். “நாளைக்கு இதை உள்ளே பார்ப்போம்.”

*

உள்ளே பார்ப்பதற்கு ஒரு கருவி இருந்தது. ஊசிமுனையைப் படிகத்தின் மேல் தொடாமல் நடத்திக் கொண்டுபோகும். ஹீலியக் குளிரில், அணு அணுவாக. தரை அதிராமல் இருக்க அதைத் தனிக் கல்மேடையில் வைத்திருந்தார்கள். அந்த அறையில் தும்முவதற்குக்கூட வெளியே போக வேண்டும்.

காலையில் படம் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் செண்பகம் போனில் கூப்பிட்டாள். அவர் மனைவி. ஆவுடையப்பன் நடைக்குப் போய்ப் பேசினார்.

“பெயின்டர் அடுப்பங்கரைக்கு வந்துட்டாரு. அங்க வேண்டாம்னு சொல்லுங்க.”

“வீடு முழுக்கன்னுதானே பேச்சு, செண்பா?”

“அடுப்பங்கரை வேண்டாம்.”

“எல்லாம் வெள்ளை. அது மட்டும் மஞ்சளா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“யார் வந்து பாக்கா நம்ம வீட்டை?”

“சரி, மோட்டாரை நிறுத்தினியா?”

“போட்டது நீங்க. நிறுத்தணும்னு நான் கனவா கண்டேன்?”

சண்டை சுவரிலிருந்து மோட்டாருக்குப் போனது. மோட்டாரிலிருந்து, அவர் இடம் மாற்றி மாட்டிய ஃபேனுக்கு. ஃபேனிலிருந்து, கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய்க்கு. அங்கிருந்து, அவர் அக்கா மகன் கல்யாணத்தில் யாரை யார் ‘வாங்க’ என்று சொல்லவில்லை என்பதற்கு.

எங்கும் நிற்கவில்லை. போன இடமெல்லாம் கொதித்தது.

கடைசியில் செண்பகம் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்தா பாருங்க. மத்தியானம் சாப்பிட்டு வந்து அடிக்கேன்னு சொல்லியிருக்காரு. அந்தச் சுவர்ல பிரஷ் பட்டுச்சுன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லலை.”

வைத்துவிட்டாள்.

அவர் உள்ளே வந்து மேடைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

திரையில் படம் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல வரிகளுக்கு நடுவே கோடு கோடாக ஏதோ கிழித்திருந்தது.

“பம்ப்தான் அதிருது” என்றார்.

ஷாகிரா பம்பைத் தொட்டுப் பார்த்தாள். “இல்லை சார்.”

“அப்ப ரோட்டுல பஸ்.”

“பஸ் எல்லா நாளும் ஓடுது சார்.”

“கட்டடமே சரியில்லை. அஸ்திவாரம் போடுறப்பவே…”

“சார்,” என்றார் ரோஸ்லின், “கேன்டீன்ல வடை போட்டிருப்பாங்க. சாப்பிட்டுட்டு வாங்க.”

“எனக்கு வேண்டாம் மேடம்.”

“எனக்கு வேணும். சூடா வேணும். எண்ணெயில போடுற வரைக்கும் நின்னு வாங்கிட்டு வாங்க.”

போனார். கேன்டீனில் மாவே ஆட்டவில்லை. காத்திருந்து, நாலு வடையோடு வந்தார்.

திரையில் ஒரு கோடு இல்லை. துடைத்துவிட்டதுபோல் படம்.

“பம்பை நிறுத்துனீங்களா?”

“ஓடுது.”

“பஸ்?”

“இப்பத்தான் ஒண்ணு போச்சு” என்றாள் ஷாகிரா. சொல்லிவிட்டு அவர் காலைப் பார்த்தாள்.

அவரும் பார்த்தார். வந்ததும் பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டூலின் கால் கல்மேடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவர் முழங்காலைக் கையால் பிடித்து நிறுத்தினார். இடது கால் ஆடத் தொடங்கியது.

ஷாகிரா வடைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நடையில் அவள் சிரிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

*

ஆவுடையப்பன் ஸ்டூலை விட்டு எழுந்து, தள்ளி நின்று படத்தைப் பார்த்தார்.

மீக்கடத்தல் எந்த இடத்தில் வலுவாக இருக்கிறது, எந்த இடத்தில் மெலிந்திருக்கிறது என்று அந்தப் படம் சொல்லும். வலுவான இடம் வெளிச்சம். மெலிந்த இடம் இருட்டு. கண்ணாடிபோன்ற தன் படிகம் முழுக்க ஒரே வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

திட்டுத் திட்டாக இருந்தது. தேமல் விழுந்த தோலைப்போல.

“நான் எதையும் கலக்கலையே மேடம்!”

“கலக்க வேண்டாம் சார்.”

“அணுவெல்லாம் வரிசையா நிக்குதே.”

“அணு வரிசையாத்தான் நிக்குது. எலக்ட்ரான் அப்படி நிக்கலை.”

“இத்தனை சுத்தம் பண்ணியுமா?”

“இத்தனை சுத்தம் பண்ணினதாலதான் தெரியுது.”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கணினிக்கு முன் குனிந்தார். எல்லாப் புள்ளிகளையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி எடுத்தார்.

“மொத்தத்துல பார்த்தா இதுதான் மேடம். இந்த ஒரு எண் போதும். படத்தை ஆய்வேட்டுல போட வேண்டாம்.”

“இந்த எண் படத்துல எங்க இருக்கு?”

“எங்கன்னா?”

“தொட்டுக் காட்டுங்க.”

அவர் விரலைத் திரைக்குக் கொண்டுபோனார். வெளிச்சத்தில் வைத்தார். அங்கே எண் அதிகம். இருட்டில் வைத்தார். அங்கே குறைவு. விரல் ஓரம் ஓரமாக அலைந்தது.

“கரையில இருக்கு மேடம். ரெண்டுக்கும் நடுவுல. நூல் அளவு.”

“மத்த இடத்துல?”

“மத்த இடத்துல இல்லை.”

ரோஸ்லின் கணினிப் பக்கம் திரும்பினார். காந்தம் ஏற்கெனவே போட்டிருந்தது. அதே அளவீட்டை வேறு விதமாகப் படிக்கக் கட்டளை கொடுத்தார். திரையில் இரண்டாவது படம் வந்தது. அங்கங்கே பொட்டுகள். ஒவ்வொரு பொட்டும் ஒரு சுழி.

“வரிசையா நிக்கணுமே” என்றார் ஆவுடையப்பன். “ஒண்ணையொண்ணு தள்ளுமே. தேன்கூடு மாதிரி சமதூரத்துல நிக்கணும். இது என்ன, சந்தை கலைஞ்ச மாதிரி?”

“நகருதா?”

உற்றுப் பார்த்தார். “இல்லை. நிக்குது.” உடனே நிமிர்ந்தார். “நைட்ரஜன்ல அந்த ஓட்டம் ஓடினது, இங்க எப்படி நிக்குது?”

“ஹீலியத்துல இன்னும் ரொம்பக் குளிர்ந்தாச்சுல்லா சார்.”

“குளிர்ந்தாலும் பிடிச்சு நிறுத்த ஒண்ணு வேணுமே. இதுல எதுவும் இல்லையே.”

ரோஸ்லின் முதல் படத்தை இரண்டாவது படத்தின் மேல் வைத்தார்.

பொட்டுகள் வெளிச்சத்தில் இல்லை. ஒன்றிரண்டு தப்பியிருந்தன. மற்றதெல்லாம் இருட்டுத் திட்டுகளில் போய் உட்கார்ந்திருந்தன.

“ஏன் அங்க?” என்று கேட்டார் ரோஸ்லின்.

ஆவுடையப்பனுக்கு இது சுலபமான கேள்வி. வகுப்புக் குரல் தானாக வந்தது. நடந்துகொண்டே சொன்னார்.

“சுழின்னு ஒண்ணு வந்துட்டா அதோட நடுவுல மீக்கடத்தல் செத்துப்போகும். நல்ல இடத்துல உட்கார்ந்தா, நல்ல இடத்தை அழிச்சுத்தான் உட்காரணும். அதுக்குச் செலவு அதிகம். ஏற்கெனவே செத்துக் கிடக்கிற இடம் ஒண்ணு இருந்தா, அங்க புதுசா அழிக்க எதுவும் இல்லை. அதனால அதைத் தேடிப் போய் உட்கார்ந்துக்கும். அங்க உட்கார்ந்துட்டா மத்த இடமெல்லாம் பிழைச்சது. ஓட்டம் சூடில்லாம…”

நடை நின்றது.

“மேல சொல்லுங்க சார்.”

“சூடில்லாம ஓடும்.”

“உட்கார இடமே விட்டுவைக்கலைன்னா?”

“எல்லா இடத்துக்கும் போகும். போற இடமெல்லாம்…”

மேசையில் இருந்த போன் ஒளிர்ந்தது. செண்பகம். அவர் எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

“வீட்டுல எதுக்கெல்லாம் சண்டை வரும் சார்?”

“எதுக்கு வராது மேடம்? மோட்டாருக்கு வரும். ரசத்துக்கு வரும். செருப்பைக் கழட்டிப் போட்டதுக்கு வரும்.”

“எதுக்கு வந்ததே இல்லை?”

அவர் ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்து அலமாரிப் பக்கம் போனார். அலமாரியில் பார்க்க எதுவும் இல்லை.

“பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு,” என்றார், அலமாரியைப் பார்த்துக்கொண்டே, “உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு அவ சொன்னா. சாதாரணக் காய்ச்சல்தான், விடியட்டும்னு சொன்னது நான். அதுக்கு மட்டும் ஒரு நாளும் சண்டை வந்தது இல்லை.”

கருவி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

“அந்தச் சுவர்ல என்ன இருக்கு?” என்றார் ரோஸ்லின்.

“எந்தச் சுவர்?”

“அடுப்பங்கரைச் சுவர். நீங்க நடையில பேசினா கேன்டீன் வரைக்கும் கேக்கும் சார்.”

“எண்ணெய்ப் பிசுக்கு. வேற என்ன இருக்கும்?”

“பாத்தீங்களா?”

அவர் அலமாரிக் கதவைத் திறந்தார். மூடினார்.

ரோஸ்லின் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

*

நடையில் யாரும் இல்லை. செண்பகம் முதல் மணியிலேயே எடுத்தாள்.

“பெயின்டர் வந்துட்டாரு. ஏணியைச் சாய்ச்சாச்சு. நான் குறுக்க நிக்கேன்.”

“செண்பா, அந்தச் சுவர்ல என்ன இருக்கு?”

“எதுக்குக் கேக்கீங்க இப்ப?”

“சண்டைக்குக் கேக்கலை. தெரியாமத்தான் கேக்கேன்.”

“கதவுக்குப் பின்னால” என்றாள் செண்பகம். “கதவைச் சாத்தினாத்தான் தெரியும். நீங்க என்னைக்கு அடுப்பங்கரைக்குள்ள வந்து கதவைச் சாத்தியிருக்கீங்க?”

“என்ன இருக்கு?”

“ஆப்பிள் மேல குட்டியா ஸ்டிக்கர் ஒட்டி வரும்லா. அதைப் பிய்ச்சு, பிய்ச்சு அங்க ஒட்டி வெச்சிருக்கா. ஆப்பிள், ஆரஞ்சு, எல்லாம். எதிர்த்த வீட்டு ஆப்பிள்ல இருந்தும் களவாண்டுக்கிட்டு வந்திருக்கா. நாம வாங்குற கடையில இல்லாத கலரெல்லாம் இருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தது அவருக்கே புதிதாக இருந்தது.

“கடைசியா ஒண்ணு கிவி” என்றாள்.

“கிவியா? நாம எப்ப கிவி வாங்கினோம்?”

“நாம வாங்கலை. ஆஸ்பத்திரிக்கு யாரோ கொண்டுவந்தாங்க. அதை அவ ஒட்டலை. நான்தான் ஒட்டினேன். எல்லாம் முடிஞ்சு வந்த பிறகு.”

அந்தப் பக்கம் ஏணி நகர்த்தும் சத்தம். யாரோ, “அம்மா, ஆரம்பிக்கட்டுமா?” என்றார்கள்.

“அந்தச் சுவர் கிடக்கட்டும்” என்றார் ஆவுடையப்பன். “அவரை வீட்டுக்குப் போகச் சொல்லு.”

செண்பகம் பெயின்டரிடம் என்னவோ சொன்னாள். ஏணி வெளியே போனது. தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் மறுபடியும் போனுக்கு வந்தாள்.

“ஏங்க.”

“சொல்லு.”

“அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப…” நிறுத்தினாள். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷமா கேக்கணும்.”

அவர் கால்கள் தாமாகப் படிக்கட்டை நோக்கி இரண்டு எட்டு வைத்திருந்தன. கீழே ரோட்டில் ஒரு பேருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி ஆய்வுக்கூடத்தைப் பார்த்தார். வாசலில் ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தார்.

“மேடம், அந்த ஹீலியம் அளவு பாக்கணும்லா…” என்று ஆரம்பித்தார்.

ரோஸ்லின் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ் விழுந்தது.

பேருந்து கிளம்பிப் போய்விட்டது.

“இருக்கீங்களா?” என்றாள் செண்பகம்.

அவர் நடைத் தரையில், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்.

“இருக்கேன்” என்றார். “கேளு.”